வடக்கே இருக்கும் ஊர்

கடலோரத் தொகுதிகளில் தேர்தல் வந்துவிட்டால் ஒரு சொல் தவறாமல் மேடையேறும்: தூண்டில் வளைவு, அதாவது அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கற்கரம். வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், குப்பத்துக்குள் நுழைந்ததும் அவர் கையில் கொடுக்கப்படும் மனுவில் அதுதான் முதல் கோரிக்கை. அவர் கொடுக்கும் முதல் வாக்கும் அதுதான். வென்ற பிறகு, சட்டமன்றத்தில் மீன்வளத் துறை மானியக் கோரிக்கை நாளன்று எழுந்து ஊரின் பெயரைச் சொல்வார், கடலரிப்பைச் சொல்வார், தூண்டில் வளைவு அமைக்க அரசு முன்வருமா என்று கேட்பார். ஆய்வு செய்யப்படும் என்று அமைச்சர் பதில் சொல்வார். சில நேரம் 110 விதியின் கீழ் அறிவிப்பாகவே வந்துவிடும். பிறகு லாரிகளில் கருங்கல் வந்து இறங்கும். ஊர் பட்டாசு வெடிக்கும்.

இந்த நடைமுறைக்கு இப்போது வலுவான ஒரு தற்காப்பு வாதம் எழுந்திருக்கிறது. கடல் மட்ட உயர்வைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுவோர் கரைக்கு வருவதில்லை; வருகிறவர் உள்ளூர் அரசியல்வாதிதான். நூறாண்டு கழித்துக் கடல் எத்தனை அடி உயரும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இந்த ஆவணி மாதத்தில் எந்த வீட்டுச் சுவர் விழும் என்பது தெரியும். மக்கள் கேட்கிறார்கள், அவர் செய்து கொடுக்கிறார். மக்களாட்சி என்பது இதுதானே என்று கேட்கிறார்கள். கடலோர மக்கள் மேல் உண்மையான அக்கறை கொண்டவர்களே இப்படிக் கேட்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

வாதத்தில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொண்டு விடலாம். அலை வாசற்படி ஏறிய இரவில் ஓடி வருகிறவர்கள் வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும்தான். கல் கொட்டிய இடத்தில் வீடு தப்புகிறது என்பதும் கண்ணால் காணக்கூடியதே. கேரளத்தின் செல்லானத்தில் 2021 மே மாதம் டவ்-தே புயலின்போது கடல் வீடுகளுக்குள் புகுந்தது. பிறகு 344 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் டெட்ராபாட் கான்கிரீட் கட்டைகளை அடுக்கினார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பவர்களால் மழைக்காலத்தில் அச்சமின்றித் தூங்க முடிகிறது. கரையை விட்டு உள்ளே போங்கள் என்று சொல்லத் தயங்கும் அரசியல்வாதியையும் கோழை என்று ஒதுக்கிவிட முடியாது. சுனாமிக்குப் பிறகு மீள்குடியேற்றம் பேசப்பட்டபோது, நாம் விட்டுப்போகும் கரை யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை மீனவர்கள் எழுப்பினார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேர்மையான பதில் கிடைக்கவில்லை. இவ்வளவும் உண்மை.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளாக நான் சொல்லி வருவதும் அது ஒன்றுதான். கடல் வைத்திருக்கும் எல்லையும் தொகுதியின் எல்லையும் வேறு வேறு. நம் உள்ளூர் அரசியல்வாதி ஒவ்வொரு முறையும் தன் தொகுதிக்குள், தன் ஊருக்குள், கடலுக்கு விடை எழுதிவிடுகிறார். அந்த விடையின் சுமை அடுத்த ஊரின் மேல் விழுகிறது. மனுவில் அந்த அடுத்த ஊரின் பெயர் இருப்பதில்லை. மதிப்பீட்டிலும் அறிவிப்பிலும் இருப்பதில்லை.

மணல் எப்படி நகர்கிறது என்பதைக் கரையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்வார்கள். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கே இருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் அது தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போகும் மணலே அதிகம். கடற்கரை என்று நாம் நின்று பார்ப்பது உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மணல் ஆறு. ஒரு ஊரின் கரையில் இன்று கிடக்கும் மணல் நேற்று தெற்கே இருந்த ஊரின் மணல். நாளை அது வடக்கே இருக்கும் ஊருக்குச் சேர வேண்டியது. கடலுக்குள் குறுக்கே கல்லை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் தேங்கும். வடக்குப் பக்கம் வர வேண்டிய மணல் வராமல் போகும். அலை மட்டும் வழக்கம்போல் வந்து, இருக்கிற மணலையும் எடுத்துக்கொண்டு போகும். வாய்க்காலின் தலைமடையில் அணைபோட்டால் கடைமடை காய்வதைப் போன்றது இது. கடைமடைக்காரரின் வழக்கு எதுவென்று நமக்குத் தெரியும். கடலில் அந்த வழக்கைக் கேட்க ஆளில்லை.

இது புதிய அறிவு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் கற்கரங்கள் கடலுக்குள் நீண்டபோதே இந்தப் பாடம் நம் கண் முன்னால் எழுதப்பட்டுவிட்டது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிய கரை அரிபடத் தொடங்கியது. நகரம் தன் பெருமைக்குரிய கடற்கரையைப் பெற்ற அதே காரணத்தால் வடசென்னையின் குப்பங்கள் தெருத்தெருவாகக் கடலுக்குள் போயின. அதற்குப் பரிகாரமாக வடசென்னையில் கல் சுவர் வந்தது, பிறகு எண்ணூர் விரைவுச் சாலையைக் காக்கத் தூண்டில் வளைவுகள் வந்தன. அவை முடிந்த இடத்துக்கு வடக்கே இருந்த குப்பங்கள் தங்களுக்கும் வேண்டும் என்று சாலையில் உட்கார்ந்தன. நூற்றாண்டுக்கு மேலாக ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

புதுச்சேரியில் இதே வேலை இன்னும் விரைவாக, ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்தது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புகள் கட்டி முடிக்கப்பட்டன. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது முறையாக நடத்தப்படவில்லை. சில ஆண்டுகளில் நகரத்தின் கடற்கரை போய்விட்டது. காந்தி சிலைக்கு முன்னால் கரைவலை இழுத்த இடத்தில் கருங்கல் குவியல் வந்தது. நகரத்தைக் கல் காத்தது. அரிப்பு வடக்கே நகர்ந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டது. ஒவ்வொரு ஊரும் கல் கேட்டது. ஒவ்வொரு ஊருக்கும் கல் கிடைத்தது.

அங்கே புதுச்சேரியின் எல்லை முடிந்து தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் தொடங்குகிறது. அரிப்பு எல்லையில் நிற்கவில்லை. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று ஏறியது. இப்போது மனு வேறொரு அரசிடம் போனது, வேறொரு சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கொடுத்தார். தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவுகள் அமைந்தன. அங்கே மணல் சேர்ந்தது. அந்த ஊர் மக்களின் மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் வடக்கே இருக்கும் பொம்மையார்பாளையத்தில் வீடுகளும் வலைக்கூடமும் கடலுக்குப் போகத் தொடங்கின. பொம்மையார்பாளையம் தனக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று போராடியது. அதற்கும் வடக்கே இருப்பது பிள்ளைச்சாவடி. அது மறுபடியும் புதுச்சேரி. ஒரு கரையின் மணல் இரண்டு அரசுகளின் எல்லைகளை மாறி மாறித் தாண்டி நடக்கிறது. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு மக்கள் பிரதிநிதி தனக்கு வடக்கே உலகம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடிக்கல் நாட்டுகிறார்.

மேற்குக் கரையிலும் கதை மாறவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடைசி ஊர் நீரோடி. அங்கே தமிழ்நாடு கல் போட்டது. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பொழியூரில் வீடுகள் போயின. நீரோடியில் போட்ட கல்தான் காரணம் என்று பொழியூர் மக்கள் குற்றம் சாட்டுகிறார்கள். தற்காப்பு வாதம் பேசுவோர் பெருமையாகக் காட்டும் செல்லானத்துக்கே போவோம். டெட்ராபாட் சுவர் முடிந்த இடத்திலிருந்து வடக்கே கண்ணமாலி வரை உள்ளவர்கள், சுவர் வந்த பிறகு எங்கள் பக்கம் கடல் இன்னும் மூர்க்கமாக ஏறுகிறது என்று சாலையை மறித்துப் போராடினார்கள். அவர்களுக்கும் சுவர் வேண்டும் என்பதே கோரிக்கை. செல்லானம் வெற்றி என்று எழுதுகிறவர்கள் சுவரின் கடைசிக் கட்டை வரை மட்டுமே நடந்து பார்க்கிறார்கள். இன்னும் அரை மைல் நடந்திருக்க வேண்டும்.

கடுமையாகப் பேச வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த நடைமுறை ஏன் மாறுவதில்லை? அறியாமைதான் காரணம் என்றால் நூறாண்டில் அது தீர்ந்திருக்கும். ஒவ்வொரு தூண்டில் வளைவும் தனக்கு வடக்கே அடுத்த மனுவைப் பிறப்பிக்கிறது. அடுத்த மனு அடுத்த வாக்குறுதியையும், அந்த வாக்குறுதி அடுத்த டெண்டரையும் பிறப்பிக்கிறது. கல் நின்ற ஊரில் அரசியல்வாதி மீட்பர் ஆகிறார். கல் இல்லாத ஊரில் நாளைய மீட்பராகக் காத்திருக்கிறார். தான் உண்டாக்கிய காயத்துக்குத் தானே மருந்து தருகிறவராக வந்து நிற்பது இந்தத் தொழிலில் மட்டும்தான் இயலும். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதாக நான் சொல்லவில்லை. திட்டமிடாமலேயே இது நடந்துகொண்டிருப்பதுதான் ஆபத்து. ஒருவரைக் குற்றவாளி என்று பிடித்துவிட்டால் அவரை மாற்றிவிடலாம். ஆனால் ஒரு தொகுதிக்குச் செய்த நல்லதை மட்டும் அளந்து, பக்கத்துத் தொகுதிக்குச் செய்த கெடுதலை அளக்காமல் விடும் ஏற்பாட்டில் யார் வந்து உட்கார்ந்தாலும் இதையே செய்வார்கள்.

தமிழ்நாட்டில் கடலோர மீனவ ஊர்கள் 608 என்று அரசின் கணக்கு சொல்கிறது. தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றத்தை ஆராய்ந்ததில், தமிழ்நாட்டுக் கரையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரியவந்தது. ஊருக்கு ஊர் மனு, ஊருக்கு ஊர் கல் என்றே போனால் இது எங்கே முடியும்? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை முழுவதும் கருங்கல்லாக ஆன பிறகுதான் முடியும். அப்போது கடற்கரை என்ற ஒன்றே இருக்காது.

கல்லுக்குப் பின்னால் வீடு மிஞ்சும், ஆனால் மணல் மிஞ்சாது. மீனவருக்கு மணல்தான் பணியிடம். ஃபைபர் படகை ஏற்றி வைப்பதும், வலையைக் காயப்போட்டுப் பொத்தல் தைப்பதும், கருவாடு பரப்புவதும், ஏலம் கூறுவதும் அதன் மேல்தான். கரைவலை இழுக்க அகலமான கரை வேண்டும். பெரிய துறைமுகத்துக்குப் போய்ப் படகு நிறுத்த முடியாத சிறு தொழில்காரருக்கு ஊர்க்கரை தவிர வேறு வழியில்லை. கல் அடுக்கிய ஊரில் படகு தள்ள இடமில்லாமல் வாடகை கொடுத்து வேறு ஊரில் நிறுத்த வேண்டிவரும். மீன் விற்கும் பெண்கள் அங்கே பஸ் ஏறிப் போக வேண்டிவரும். வீட்டைக் காத்ததாகச் சொல்லும் கல், அந்த வீட்டில் அடுப்பு எரிவதற்கான தொழிலை மெல்ல எடுத்துக்கொள்கிறது. அடிக்கல் நாட்டு விழாவில் இதை யாரும் சொல்வதில்லை.

இடத்தைச் சுருக்கியவர்கள் காலத்தையும் சுருக்கிவிட்டார்கள். நம் உள்ளூர் அரசியலின் வாயில் வரும் சொல்லைக் கவனியுங்கள்: கடல் சீற்றம். சீற்றம் என்றால் வந்து போவது. கோபம் தணிந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்று நிகழ்வது தணியப்போவதில்லை. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்கிறது. 2006-க்கும் 2018-க்கும் இடையில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. வேகம் கூடிக்கொண்டே போகிறது. பசுங்குடில் வாயு வெளியேற்றம் குறையாமல் மிகுந்தால் இந்த நூற்றாண்டின் முடிவில் ஒரு மீட்டர்வரை உயரக்கூடும். இன்று போடப்படும் கல் இன்றைய அலைக்கும் இன்றைய மட்டத்துக்கும் போடப்படுகிறது. மட்டம் உயர உயர அலை கரைக்கு இன்னும் அருகில் வந்து உடையும். கல்லின் அடி மணல் அரிக்கப்பட்டு, கல் புதையும். பத்தாண்டில் மறுபடி கல் கொட்ட வேண்டிவரும். அப்போது வேறொருவர் சட்டமன்ற உறுப்பினராக இருப்பார்.

இந்த உயர்வு சட்டமன்றம் வரை வந்த ஓர் இடமும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2010-இல் அறிவியலாளர் குழு ஒன்று, 2100-க்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்வுக்குத் திட்டமிடுங்கள் என்று சொன்னது. கடலோர நில வணிகம் பதறியது. கட்டுப்பாடுகளுக்காகக் கடல் மட்ட உயர்வின் வேகத்தை வரையறுப்பதைச் சில ஆண்டுகளுக்குத் தடுத்துவைக்கும் சட்டத்தை 2012-இல் அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அது தவறு. ஆனால் அங்கே ஓர் எண் பேரவைக்குள் வந்தது, அதை எதிர்த்து வாக்களித்தவர்கள் யார் என்பது பதிவானது. நம் கடலோரத் தொகுதிகளில் அந்த எண் பேரவையிலும் தெருவிலும் யாருடைய வாயிலும் வருவதில்லை. மறுக்கவாவது ஒருவர் அதை உச்சரிக்க வேண்டாமா?

கடல் மட்டம் உயர்வது கரையில் மட்டும் தெரிவதில்லை. நாகப்பட்டினத்தின் கடைமடையில், வடகிழக்குப் பருவமழையில் வயலில் தேங்கிய நீர் வடிய வழியில்லாமல் நிற்பதிலும் தெரியும். வடிகால் வாயிலுக்கு வெளியே கடல் மட்டம் ஓர் அங்குலம் உயர்ந்தாலும் உள்ளே வடிய எடுக்கும் நேரம் கூடும். கிணற்று நீர் உவர்ப்பாவதில் தெரியும். சென்னையில் அடையாறும் கூவமும் கொசஸ்தலையும் கடலில் சேரும் இடத்தில் தெரியும். வெள்ளம் வரும்போது கடல் நீரை உள்வாங்கவில்லை என்று நம் தலைவர்கள் விளக்கம் சொல்வதுண்டு. அவர்கள் பேச்சில் கடல் மட்டம் எட்டிப் பார்ப்பது அப்போது மட்டும்தான். வெள்ளம் வடிந்ததும் அதுவும் மறைந்துவிடும். இவற்றில் எதையும் தூண்டில் வளைவு தடுக்காது. கல்லைத் தவிர வேறு விடை தெரியாத அரசியலுக்கு, கல்லால் தீராத சிக்கல் கண்ணிலேயே படுவதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தப்பித்தல் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். இன்றைய அரிப்பின் பெரும்பகுதிக்குக் கடல் மட்ட உயர்வு முதற்காரணம் இல்லை. துறைமுகங்களின் கற்கரங்களும், மணலைக் கடலுக்கு விடாமல் நிறுத்தும் அணைகளும், பாலாற்றிலும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அள்ளப்பட்ட மணலும்தான் முதற்காரணங்கள். ஏற்கெனவே மணல் பட்டினி கிடக்கும் கரையில் கடலும் உயர்கிறது. எல்லாம் பருவநிலை மாற்றம், நம் கையில் எதுவும் இல்லை என்று கையை விரிக்கும் பேச்சும் ஆகவே பொய்தான். காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டு மெலிந்து வருவதற்குத் துருவப் பனியை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரிய துறைமுகம் வரும்போது வேலைவாய்ப்பு என்று வரவேற்கும் அதே பிரதிநிதி, அதன் வடக்கே வீடு விழும்போது இயற்கையின் சீற்றம் என்கிறார். துறைமுக விழாவுக்கும் நிவாரண அரிசிக்கும் ஒரே மேடை, ஒரே மாலை.

2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தச் சுழலில் தலையிட்டது. கரை மேலாண்மைத் திட்டம் வகுக்காமல் கடலரிப்புக்குத் தூண்டில் வளைவு போன்ற கடினக் கட்டுமானங்களில் இறங்கக் கூடாது என்றது. அந்த உத்தரவின் பொருள் எளிது: கல் போடுமுன் வடக்கே என்ன ஆகும் என்று பாருங்கள். கரையில் வாழ்வோருக்கு அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு மக்கள் பிரதிநிதிகளுடையது. ஆனால் கரையில் நான் கேட்டதெல்லாம், நாங்கள் தரத் தயார், தீர்ப்பாயம்தான் தடுக்கிறது என்பதே. அடுத்த ஊரைக் காக்க வந்த ஒரு சொல்லை, இந்த ஊரின் எதிரியாகக் காட்டிவிட்டார்கள். மக்களின் கோபத்தைத் தங்கள் மேலிருந்து வேறிடத்துக்குத் திருப்ப இதைவிட வசதியான வழி அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

மக்கள்தானே கேட்கிறார்கள் என்ற வாதத்துக்கு இப்போது வருகிறேன். ஆம், கேட்கிறார்கள். வேறு எதைக் கேட்கலாம் என்று அவர்களுக்கு யார் காட்டினார்கள்? மணலைத் தெற்கிலிருந்து எடுத்து வடக்கே சேர்க்கும் வழி இருக்கிறது. புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலேயே அது இருந்தது என்பதைப் பொம்மையார்பாளையத்தில் எந்த வேட்பாளர் சொன்னார்? 2018-ஐ ஒட்டிப் புதுச்சேரி உலாச்சாலைக்கு முன்னால் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. போன கடற்கரையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மணலில் குழந்தைகள் ஓடினார்கள். நகரத்துக்கு மணல் தேடிய அறிவு குப்பங்களுக்குக் கல் போதும் என்று ஏன் நின்றுவிட்டது? கடலில் இருந்து 50 மீட்டருக்குள் வாழ்வோர் தாமாக முன்வந்தால் வேறு வீடு அமைத்துக்கொள்ளக் கேரளம் புனர்கேகம் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் தருகிறது. அதில் குறைகள் உண்டு; கரையிலிருந்து தொலைவில் நிலம் வாங்க நேர்ந்தவர்களின் தொழில் கெடுகிறது. ஒடிஷாவின் சதபாயா மக்களைப் பாகபாட்டியாவுக்கு மாற்றியதிலும் அதே குறை உண்டு. ஆனாலும் கடல் திரும்பிப் போகாது என்பதை ஓர் அரசு வாய்விட்டுச் சொன்னது அங்கெல்லாம்தான். கோரிக்கை வானத்திலிருந்து விழுவதில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒரே ஒரு பண்டத்தை மட்டும் கடையில் வைத்திருந்துவிட்டு, மக்கள் அதைத்தான் வாங்குகிறார்கள் என்று சொல்வது நியாயமாகாது.

மாற்று என்ன என்று கேட்பார்கள். முதலில், கரையை ஊர் ஊராக வெட்டிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து வடக்கே கனகசெட்டிக்குளம் தாண்டி மரக்காணம் வரை ஒரே மணல் குடும்பம் என்று கொண்டால், அந்தக் குடும்பத்தின் எல்லா ஊர்ப் பஞ்சாயத்துகளும் இரண்டு அரசுகளும் ஒரே அவையில் உட்கார வேண்டும். தெற்கே போடும் எந்தக் கல்லுக்கும் வடக்கே இருப்பவரின் ஒப்புதல் வேண்டும். மணலைத் தடுத்தவர், துறைமுகமானாலும் சரி, அதை ஆண்டுதோறும் எடுத்து வடக்கே சேர்க்கக் கடமைப்பட்டவர். கரையை விட்டு உள்ளே போக விரும்புவோருக்கு நடந்து போகும் தொலைவில் பட்டா நிலமும், விட்டு வந்த கரை என்றும் ஊரின் பொதுவாகவே இருக்கும் என்ற சட்ட உறுதியும் வேண்டும். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை. எந்த வலையை எங்கே, எந்த நாளில் போடலாம் என்று பல ஊர்கள் கூடிக் கட்டுப்பாடு வகுத்துக்கொண்ட மரபு அவர்களுடையது. ஒரு ஊரின் வலையால் அடுத்த ஊரின் மீன் போகக் கூடாது என்று அவர்களால் யோசிக்க முடிந்திருக்கிறது. ஒரு ஊரின் கல்லால் அடுத்த ஊரின் மணல் போகக் கூடாது என்று அவர்கள் பிரதிநிதிகளால் ஏன் யோசிக்க முடியவில்லை?

நான் மக்களை மீறி அறிவியலைத் திணிக்கச் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். பொம்மையார்பாளையத்து மக்களும் மக்கள்தான். பொழியூரிலும் கண்ணமாலியிலும் இருப்பவர்களும் மக்கள்தான். கல் போட்ட நாளில் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்களின் குரலுக்குச் செவிசாய்க்கும் அரசியல் என்று புகழப்படுவது, ஒரு ஊரின் குரலைக் கேட்டு அடுத்த ஊரின் குரலை அமுக்கும் அரசியலாகவே இதுவரை இருந்திருக்கிறது. கடல் இன்னும் உயரும்போது அமுக்கப்படும் ஊர்களின் எண்ணிக்கை கூடும்.

எனவே கடலோரத் தொகுதிகளில் அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்படி என் வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். கல் எத்தனை கோடிக்கு, எத்தனை மீட்டருக்கு என்பதெல்லாம் பிறகு. எங்களுக்கு வடக்கே இருக்கும் ஊர் எது, அவர்களிடம் பேசினீர்களா என்று கேளுங்கள். பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே பிள்ளைச்சாவடி. அதற்கு வடக்கே காலாப்பட்டு. அதற்கும் வடக்கே கனகசெட்டிக்குளம். அங்கேயும் படகுகள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன, அங்கேயும் யாரோ வலை காயப்போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரியாதவர் நம் ஊருக்கும் கடலைப் பற்றி வாக்குக் கொடுக்கத் தகுதியற்றவர்.